நடுகிறவளும் வெட்டுகிறவனும்

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆபீசையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மீறி வேலை விஷயத்தை யார் வாயில் எடுத்தாலும் ஒரு வாரத்துக்குப் பாத்திரம் முழுக்க அவர்கள் பொறுப்பு.

சட்டம் போட்டது மனைவி. காரணம் இல்லாமல் இல்லை. புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் ஒரே மின்சாரக் கம்பெனியில் வேலை. அவள் நான்காம் மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட சமூக, சுற்றுச்சூழல் பிரிவில் இருந்தாள். மின்பாதை போகிற தெருக்களுக்குப் போய் மக்களோடு பேசுவது, குறை கேட்பது, மரம் நடுவது அவள் வேலை. அவன் பின்பக்கத்து யார்டில், லைன் பிரிவில், கம்பிக்கு இடைஞ்சலாக வளர்வதையெல்லாம் வெட்டித் தள்ளுகிற குழுவுக்கு ஃபோர்மேன். கல்யாணமான புதிதில் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி ஆபீஸ் கதைதான் ஓடும். ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “உங்க பிரிவு போட்டோவுக்கு மரம் நடற பிரிவுதானே?” என்று கேட்டுவிட்டான். மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நான்காம் நாள் சட்டம் வந்தது.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. ஐந்து வருஷத்தில் அவன் மூன்று முறை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவியிருக்கிறான். அவள் ஒரு முறைகூட மாட்டவில்லை. சினிமா பேசினார்கள், மச்சினனுக்குப் பெண் பார்ப்பதைப் பேசினார்கள், மேல்வீட்டுக்காரர் ஏன் காலை ஐந்து மணிக்கு நாற்காலியை இழுக்கிறார் என்று மணிக்கணக்கில் பேசினார்கள். ஆனால் அவள் எங்கே நடுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் எங்கே வெட்டுகிறான் என்று அவளுக்குத் தெரியாது. இப்படி ஒரு கோமாளித்தனம், ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிற இரண்டு பேருக்குத்தான் வாய்க்கும்.

அந்தப் புதன்கிழமை அவனுக்குப் புதிதாக ஒரு பகுதி கைக்கு வந்திருந்தது. அதுவரை அந்தப் பக்கம் பார்த்தவருக்கு மாற்றல். நாற்பத்தொன்றாம் டவருக்கும் நாற்பத்திரண்டாம் டவருக்கும் நடுவில் மரம் வளர்ந்திருக்கிறது, சனிக்கிழமைக்குள் சுத்தம் செய்ய வேண்டும் என்று தாளில் இருந்தது. நாலைந்து புதர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஆட்கள் நாலு பேரோடு வண்டியிலிருந்து இறங்கினான்.

இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். புதரா அது? தோப்பு! புங்கையும் பூவரசுமாக வரிசை பிடித்து நின்றன. கீழே நல்ல நிழல். இரண்டு பெஞ்சு. ஒரு பக்கம் நாலு பெரியவர்கள் ஒரே செய்தித்தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மரத்தடியில் ஐம்பது வயது அம்மா ஒருத்தி தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்து, தடதடவென்று தைத்துக்கொண்டிருந்தாள். துணி எடுக்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவன் தலையைத் தூக்கினான். நேர் மேலே உயர் அழுத்தக் கம்பி. டவர் பக்கத்தில் அது எட்டாத உயரத்தில்தான் இருக்கும். ஆனால் இரண்டு டவருக்கும் நடுவில் தொய்ந்து இறங்கும். வெயில் ஏறி, கரண்டும் ஏறினால் இன்னும் இறங்கும். அதனால்தான் கம்பிக்குக் கீழே பத்தடிக்கு மேல் எதுவும் வளரக் கூடாது என்று விதி. அளவுகோலை மரத்தோடு சேர்த்துப் பிடித்தான். பன்னிரண்டடி. அடுத்தது பதினாலு.

“எந்தப் புத்திசாலிடா லைனுக்கு அடியில இதை நட்டான்?” என்று சத்தமாகவே கேட்டான். ஆட்கள் சிரித்தார்கள். தையல் மெஷின் நின்றது.

“என்ன தம்பி அளக்கறீங்க?” என்றாள் தையல்காரம்மா.

“வெட்டணும்மா. சனிக்கிழமை.”

அந்த அம்மா பதறவில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “வெட்டறதா? எங்க கம்பெனிப் பொண்ணு கிட்ட கேட்டீங்களா? முதல்ல அவகிட்ட போய்ப் பேசிட்டு வாங்க. அப்புறம் மரத்தைத் தொடுங்க.”

சொல்லிவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டாள். கம்பெனிப் பொண்ணு யாரென்று அவன் கேட்கப்போன நேரத்தில்தான் மரத்தில் கட்டியிருந்த சின்னத் தகரத் தகடு கண்ணில் பட்டது. மரத்தின் எண், அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற வீட்டின் எண். பெயிண்டில் எழுதியது. ஒன்பதாம் எண்ணின் வாலை இழுத்து, கடைசியில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கி போட்ட ஒன்பதை அவன் தினமும் மளிகைச் சீட்டில் பார்க்கிறான். நடந்து நடந்து எல்லாத் தகட்டையும் பார்த்தான். தொண்ணூற்றாறு மரம். தொண்ணூற்றாறிலும் அவன் பெண்டாட்டி கையெழுத்து.

வண்டியில் திரும்பும்போது ஆட்கள் ஏதேதோ கேட்டார்கள். ஒன்றும் அவன் காதில் விழவில்லை. “எந்தப் புத்திசாலி” என்று கேட்டது மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான். ஆபீஸ் கழல மாட்டேன் என்றது. நேரே சமையலறைக்குப் போய், தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்னங்க, உடம்பு சரியில்லையா?”

“ஒரு வாரத்துக்கு நான்தான் கழுவப் போறேன். முன்கூட்டியே ஆரம்பிச்சுட்டேன்.”

“ஏன்?”

“விஷயம் ஆபீஸ் விஷயம்.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சொன்னான். டவர் எண்ணைச் சொன்னபோது அவளுக்குப் புரியவில்லை. தையல்காரம்மாவைச் சொன்னதும் புரிந்துவிட்டது.

“எத்தனை மரம்?”

“எல்லாமே.”

“நுனியைக் கிள்ளிவிட்டா?”

“கிள்ளின இடத்துல ரெண்டு மடங்கா கிளைக்கும். மழைக்கு முன்னாடி கம்பியைத் தொட்டுடும். அங்க கீழ ஜனங்க உக்காந்திருக்காங்கம்மா. கம்பிக்கும் மரத்துக்கும் நடுவுல பொறி பறந்தா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.”

அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். அந்தத் தெருப் பக்கத்தில் கம்பெனிக்குக் காலி இடம் இருக்கிறதா என்று அவள் நிலப் பிரிவில் கேட்டிருக்கிறாள். இருக்கிறது என்று வரைபடம் கொடுத்திருக்கிறார்கள். வரைபடத்தில் காலிதான். தரையில் என்ன இருக்கிறது என்றுதான் அதில் போடுவார்கள், தலைக்கு மேல் என்ன போகிறது என்று போட மாட்டார்கள்.

“நான் மண்ணைப் பாத்தேன், தண்ணி வசதி பாத்தேன், எல்லாம் பாத்தேன். மேல பாக்கவே இல்லைங்க. அவ்ளோ உசரத்துல போற கம்பி நம்மை என்ன பண்ணும்னு இருந்துட்டேன்.” நறுக்கிய காயைத் தள்ளி வைத்தாள். “மரம் நட்ட இந்த மூணு வருஷத்துல, ஒரே வீட்ல இருந்துகிட்டு, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தா போதும்.”

“சட்டம் போட்டது யாரு?” என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டான். அவனுக்கு அவ்வளவு புத்தியாவது இருந்தது.

பிறகு அவள் சொன்னதுதான் அவனை உலுக்கியது. அந்தத் தெருவில் கம்பெனி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். முன்பு ஒரு முறை பூங்கா கட்டித் தருகிறேன் என்று கம்பெனி ரிப்பன் வெட்டியது. ரிப்பன் மட்டும்தான் வந்தது, பூங்கா வரவில்லை. இன்னொரு முறை குப்பைத் தொட்டி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், குப்பை எடுக்க ஆள் வரவில்லை. அவள் முதலில் போனபோது தையல்காரம்மா மூன்று மாதம் உட்காரச் சொல்லவே இல்லை. வாசலில் நிற்க வைத்தே பேசினாள். கடைசியில் ஒரு நாள், “நட்டுட்டு நீங்களே பிடுங்குவீங்களே?” என்று கேட்டாள். அதற்கு இவள் தெரு ஜனம் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருக்கிறாள். இந்த மரங்கள் சாகக் கம்பெனி காரணமானால் மறுநாள் நான் இந்த வேலையில் இருக்க மாட்டேன் என்று.

“சும்மா பேச்சுக்குச் சொல்லலைங்க. மனசாரச் சொன்னேன். வெட்டினா நான் எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவேன். அந்தத் தெருவுல தலை காட்ட முடியாம இந்த வேலையை வெச்சுகிட்டு நான் என்ன பண்றது?”

அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அது அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவள் அந்த வேலையை எவ்வளவு ஆசையாகச் செய்கிறாள் என்பதும் தெரியும். சட்டம் பேச்சைத்தான் தடுத்தது. சாயங்காலம் அவள் நகத்தில் மண்ணோடும் முகத்தில் சிரிப்போடும் வருவதை அது தடுக்கவில்லை.

மறுநாள் காலை யார்டில் அவன் யோசித்தபடி நின்றபோது, பக்கத்தில் ஒரு லாரி உறுமியது. மின்கம்பம் நடக் குழி போடுகிற லாரி. அதன் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய திருகு இருக்கும். தரையில் வைத்து விட்டால் ஐந்து நிமிஷத்தில் கம்பம் இறங்குகிற அளவுக்குக் குழி தயார். அதை ஓட்டுகிறவனை யார்டு முழுக்கத் திருகாணி என்றுதான் கூப்பிடும். அவன் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

“டேய் திருகாணி, கம்பத்துக்குப் பதிலா மரம் நடக் குழி போடுமா இது?”

“இதுக்குக் கம்பம் எது, மரம் எதுன்னு தெரியுமாண்ணே? குழின்னா குழி. கொஞ்சம் அகலமா வேணும்னா பக்கத்துல பக்கத்துல ரெண்டு போட்டா போச்சு.”

அவன் ஒரே ஓட்டமாக லைன் இன்ஜினியரின் அறைக்கு ஓடினான். அந்த மனுஷர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கெட்டவர் என்றும் யாரும் சொன்னதில்லை. முழுக்கக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார்.

“சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு அந்த லைனை நிறுத்தறோம். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கரண்ட் ஏறும். ஒரு நிமிஷம் தள்ளிப் போட முடியாது. அஞ்சு மணிக்கு அங்க பத்தடிக்கு மேல ஒண்ணும் நிக்கக் கூடாது. வெட்டினியோ, பிடுங்கினியோ, கெஞ்சிக் கூத்தாடி அனுப்பி வெச்சியோ, எனக்குக் கவலை இல்லை.”

“கிரேன் லாரி, குழி லாரி ரெண்டும் வேணும் சார்.”

“எடுத்துக்கோ. கிரேன் கையைத் தூக்கறது லைன் நின்னப்புறம்தான். அதுக்கு முன்னாடி தூக்கினே, நான் உன்னைத் தூக்கிடுவேன்.”

மத்தியானம் அவனும் மனைவியும் சேர்ந்து அந்தத் தெருவுக்குப் போனார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. எல்லோரையும் நிழலுக்குக் கூப்பிட்டு, “தப்பு என்னோடது. மேல பாக்காம நட்டுட்டேன். இந்த இடத்துல மரம் நிக்கக் கூடாது. ஆனா வெட்ட விட மாட்டேன். வேரோட எடுத்து உங்க வாசல்லயும் தெரு ஓரத்துலயும் நடலாம். நீங்க கை கொடுத்தா முடியும்,” என்றாள்.

கூட்டம் ஆளுக்கொரு பக்கம் பேசியது. ஒரு பெரியவர் அவனைச் சுட்டிக் காட்டினார். “இவரு யாரு?”

“என் வீட்டுக்காரர்.”

கூட்டம் அவனை உற்றுப் பார்த்தது. பிறகு பெஞ்சிலிருந்து ஒரு குரல், “நேத்திக்கு வந்து, எந்தப் புத்திசாலிடா இதை நட்டான்னு கேட்டாரே, அவரா?” என்றது.

அவ்வளவுதான். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செய்தித்தாள் பெரியவருக்கு இருமலே வந்துவிட்டது. அவள் மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் இரண்டு வாரப் பாத்திரம் இருந்தது. “நம்ம பொண்ணு வீட்டுக்காரர்னா நமக்கு மாப்பிள்ளை ஆச்சே! மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வர்ற மாப்பிள்ளை ரம்பத்தோடயா வருவார்?” என்று யாரோ எடுத்துக்கொடுக்க, சிரிப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவன் பெயர் மாப்பிள்ளை.

தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“பொழைக்குமா?” என்று அவனைக் கேட்டாள்.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லவில்லை. “எல்லாமே பொழைக்காதும்மா. பத்து போகலாம், இருபதும் போகலாம். பொழைக்கறதும் முதல்ல இலை எல்லாம் கொட்டிடும். ஒன்றரை மாசம் குச்சி மாதிரி நிக்கும். பாக்கவே கஷ்டமா இருக்கும்.”

அந்த அம்மா மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். “கம்பெனிக்காரங்க வாயால ‘போகலாம்’ங்கற வார்த்தையை இன்னிக்குத்தான் கேக்கறேன். இதுவரைக்கும் எல்லாம் நூத்துக்கு நூறுன்னுதான் சொல்லியிருக்காங்க.” பிறகு எழுந்தாள். “சரி. என் வாசல்ல குழி எங்க போடப் போறீங்க?”

அதற்குப் பிறகு யாருக்கும் மூச்சு விட நேரமில்லை. வியாழன் மத்தியானமும் வெள்ளி முழுக்கவும் தெரு மண்வெட்டியோடுதான் திரிந்தது. வேரைச் சுற்றி அகலமாகத் தோண்டி, மண் உதிராமல் சாக்கில் இறுக்கிக் கட்ட வேண்டும். அவ்வளவு பெரிய சாக்கு கடையில் ஏது? தையல்காரம்மா இரண்டிரண்டு சாக்காக இணைத்துத் தைக்க உட்கார்ந்தாள். ஜாக்கெட் தைக்கிற மெஷின் சாக்கைப் பார்த்ததும் முரண்டு பிடித்தது. நாலு ஊசி உடைந்தது. ஒவ்வொரு ஊசி உடையும்போதும் கம்பெனியைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிவிட்டு, அடுத்த ஊசியைக் கோர்த்தாள்.

குழிக்கு இடம் பார்க்கிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு வாசலிலும் நின்று முதலில் அண்ணாந்து பார்த்தான். தெரு விளக்குக் கம்பி, வீட்டுக்கு வருகிற கம்பி, மாடியில் துணி காயப்போடுகிற கம்பி எல்லாம் பார்த்தான். அப்புறம் தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று விசாரித்தான். அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பால் வட்டம் போட்டான். அவன் பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் அண்ணாந்தபடி நடந்தார்கள். அதில் ஒருவர் அண்ணாந்தபடியே சைக்கிள்மேல் மோதினார். மாடி வீட்டுக்காரர் தன் மரத்தைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டம்மா ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். கடைசியில் அவன் மனைவிதான் இருவருக்கும் நடுவில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு பேரும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் வேலை செய்து அவன் பார்த்தது அன்றுதான் முதல் முறை. இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் போனோமே என்று அவனுக்கு உள்ளுக்குள் ரொம்ப வருத்தமாக இருந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு லைன் நின்றது. கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதித்து, மண்ணோடு இணைப்புக் கொடுத்து, பெர்மிட் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிரேன் கையைத் தூக்க விட்டான். முதல் மரம் சாக்கு மூட்டையோடு அந்தரத்தில் எழும்பியபோது தெருவே கை தட்டியது. அந்தப் பக்கம் திருகாணி குழி போட்டுக்கொண்டே போனான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வீட்டார் குடத்தோடு நின்றார்கள். மரம் குழியில் இறங்க வேண்டியதுதான் தாமதம், தண்ணீர் கொட்டும், மண் விழும், மிதிப்பார்கள். தன் மரத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்விடுவார் போல ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டு மணிக்கு நாற்பது. மூன்று மணிக்கு எழுபத்தெட்டு. கணக்கு கச்சிதமாகப் போகிறது என்று அவன் நினைத்தான். நாலு மணிக்கு எண்பத்தேழாவது மரத்தை இறக்கி வைத்ததும் கிரேனின் எண்ணெய்க் குழாய் வெடித்தது. தரையெல்லாம் எண்ணெய். கிரேன் கையை மடக்கிக்கொண்டு படுத்துவிட்டது. இன்னும் ஒன்பது மரம். இன்ஜினியரைக் கூப்பிட்டான். “அஞ்சு மணின்னா அஞ்சு மணி,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரம்பம் வண்டியிலேயே இருந்தது. ஒன்பதுதானே, வெட்டிவிடலாம், எண்பத்தேழைக் காப்பாற்றியாயிற்றே என்று அவன் ஆட்களில் ஒருவன் மெதுவாகச் சொன்னான். ஃபோர்மேன் ரம்பத்தையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன மாப்பிள்ளை, பராக்குப் பாக்கறீங்க? ஒரு மரத்துக்கு எத்தனை ஆளு வேணும்?” என்றாள் தையல்காரம்மா.

“எட்டு பேர். பத்துன்னா நல்லது. கனம் ஜாஸ்திம்மா.”

“ஆளா இல்லை இங்க?”

அவள் குரல் கொடுத்ததுதான் தெரியும். அடுத்த நிமிஷம் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். கயிறும் மூங்கிலும் வந்தன. சாக்கு மூட்டைக்கு அடியில் மூங்கிலைக் கொடுத்து, ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம் என்று தோளில் தூக்கினார்கள். ஏலேலோ என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் வாய்க்கு வந்த வார்த்தையைப் போட்டுப் பாடினார்கள். பாட்டில் கம்பெனி நன்றாக அடி வாங்கியது. மாப்பிள்ளையும் தப்பவில்லை. சிரித்ததில் ஒரு மரத்தை இரண்டு முறை கீழே வைக்க வேண்டியதாயிற்று. நாலு ஐம்பதுக்கு ஒன்பதாவது மரமும் கம்பியின் நிழலைத் தாண்டியது. அவன் எல்லோரையும் வெளியே அனுப்பி, தலைகளை எண்ணி, மண் இணைப்பைக் கழற்றி, தாளில் கையெழுத்துப் போட்டான். ஐந்து மணிக்குக் கம்பியில் கரண்ட் ஏறியது. காலியான மண்ணில் இருவரும் சேறும் எண்ணெயுமாக நின்றார்கள். அவள் எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரு ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

பிறகு இலை கொட்ட ஆரம்பித்தது. அவன் சொன்னபடியேதான் கொட்டியது. ஆனாலும் கண்ணால் பார்ப்பது வேறு. இரண்டு வாரத்தில் தெரு முழுக்கத் தொண்ணூற்றாறு குச்சி. விருந்தாளிகள், “ஏன் வாசல்ல விறகை நட்டு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்கள். அவள் தினமும் ஆபீஸ் விட்டதும் அங்கே போனாள். அவனும் கூடப் போனான். இப்போது வீட்டில் பேச்சே அதுதான். எந்தக் குச்சியைக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறது, எதில் தெரியவில்லை, எந்த வீட்டில் தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறார்கள் என்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார்கள். சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அது தானாகவே செத்துப்போயிற்று. கம்பிக்குக் கீழே இருந்த மண்ணில், இடுப்பு உயரத்துக்கு மேல் வளராத பூச்செடியாகப் பார்த்து நட்டாள். நடும் முன் ஒவ்வொன்றின் உயரத்தையும் அவனிடம் கேட்டாள். மூன்று முறை கேட்டாள்.

இருபத்தாறாம் நாள் மாடி வீட்டுக்காரர் தெருவே அதிரக் கத்தினார். திருடன் என்று நினைத்து ஓடி வந்தவர்கள், குச்சியின் கணுவில் நெல்மணி அளவுக்கு ஒரு தளிரைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டம்மா அது தன் பக்கத்துத் தளிர் என்றாள். அதற்குப் பிறகு தினம் ஒரு கத்தல். இரண்டாம் மாத முடிவில் அவன் மனைவியின் தாளில் எண்பத்து நாலு மரத்துக்கு நேரே பச்சை மையில் கோடு இருந்தது.

மீதி பன்னிரண்டு பிழைக்கவில்லை. அந்தப் பன்னிரண்டில் ஒன்று தையல்காரம்மாவின் வாசல் மரம்.

அவன் மனைவிக்கு அது பொறுக்கவே இல்லை. “எண்பத்து நாலு பொழைச்சுது. அந்த அக்காவோடது பொழைச்சிருக்கக் கூடாதா? எத்தனை ஊசி உடைச்சாங்க!” என்று புலம்பினாள். மற்ற பதினோரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். தையல்காரம்மா வீட்டுக்கு மட்டும் போகக் கால் வரவில்லை. வாக்குக் கொடுத்தது அந்த அம்மாவுக்குத்தான். இந்த மரங்கள் சாகக் கம்பெனி காரணமானால் என்று சொன்னாளே, செத்துவிட்டதே! ஆபீஸ் மேஜையில் ஒரு தாளை எடுத்துப் பாதி எழுதியும் வைத்திருந்தாள். அவளைக் கூட்டிப் போக நான்காம் மாடிக்கு வந்தவன் அதைப் பார்த்தான்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. “உடனே வா. மாப்பிள்ளையையும் கூட்டிகிட்டு வா,” என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா வைத்துவிட்டாள்.

போனார்கள். வாசலில் குச்சி இல்லை. யாரோ பிடுங்கியிருந்தார்கள். தையல்காரம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போனதும் அவன் மனைவி, “அக்கா, மன்னிச்சிடுங்க...” என்று ஆரம்பித்தாள். அழுகை வந்துவிட்டது.

“யாரு உன்னை மன்னிப்பு கேக்கச் சொன்னா? போகலாம்னு உன் வீட்டுக்காரர் அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா சொன்னார். போச்சு. உனக்கு வேலை இல்லையா, எனக்கு வேலை இல்லையா, உக்காந்து அழறதுக்கு?” என்றாள் தையல்காரம்மா. பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். “முதல்ல உக்காரு. எனக்கு ஒரு கன்னு வேணும்.”

“ஆபீஸ்ல எழுதிப் போட்டு...”

“எழுதிப் போடறதெல்லாம் கம்பெனிக்கு. நான் கம்பெனிகிட்ட கேக்கலை. அது கொடுத்த ரிப்பனையே இன்னும் வெச்சிருக்கேன். உன்னைக் கேக்கறேன். நட்டா நீதான் நடணும். வேற யார் வந்தாலும் வாசப்படி ஏற விட மாட்டேன்.”

அவன் அப்போதுதான் பார்த்தான். பழைய குச்சி நின்ற இடத்தில் குழி இன்னும் அகலமாகத் தோண்டியிருந்தது. கல் பொறுக்கி ஓரமாகக் குவித்திருந்தது. மண் ஈரமாக இருந்தது. அந்த அம்மாவின் நகத்திலெல்லாம் சேறு.

“ரெண்டு நாளா தண்ணி ஊத்தி ஊற வெச்சிருக்கேன்,” என்றாள் தையல்காரம்மா. “எப்ப வர்றே?”

அவன் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்தபடியே சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அவன் பார்த்ததே இல்லை.

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கெல்லாம் வந்துடறேன் அக்கா.”

“ஆறரைக்கு வா. அப்புறம் வெயில் ஏறிடும்.”